மண்ணைக் காக்க மாநிலத்துக்கு என்ன சட்டம் இருக்கிறது?



சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். ஜமீன் கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் காடு வைத்திருந்தவர்களில் பலர் கோடரியை எடுத்தார்கள். நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மரத்தை வெட்டிக் காசாக்கலாம். அந்த வெட்டைத் தடுக்க 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆட்சியரின் அனுமதியில்லாமல் தனியார் காட்டை விற்கக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது என்பதே அதன் சாரம். ஆறு ஆண்டு கழித்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். சரிவில் மரம் போனால் அடுத்த மழையில் மண் போகும், மண் போனால் கீழே ஆறு தூர்ந்துபோகும் என்ற பழைய அறிவுக்கு 1955இல் சட்ட வடிவம் கிடைத்தது.

இரண்டும் இன்றும் நடப்பில் உள்ள சட்டங்கள். நாடெங்கும் காடு தொடர்பான வழக்குகளுக்கெல்லாம் தாய்வழக்காகிவிட்ட கோதவர்மன் வழக்கு 1995இல் தொடங்கியது, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்பட்டதை எதிர்த்துத்தான். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதில் பிறப்பித்த ஆணை, இந்தியாவின் வனச் சட்டம் புரிந்துகொள்ளப்படும் விதத்தையே மாற்றியது.

இந்தப் பழைய கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சூழல் காப்பு என்றாலே தில்லியில் இயற்றப்படும் சட்டம், தில்லியில் கூடும் குழு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் மலையையும் மரத்தையும் பற்றிக் கவலைப்பட்டுச் சட்டம் செய்திருக்கிறது. அந்த மரபு பின்னால் என்ன ஆயிற்று, இன்று எங்கே நிற்கிறது, காலநிலை மாறிவரும் இந்த நேரத்தில் அதற்கு என்ன வேலை பாக்கியிருக்கிறது என்பதே இந்த உரையின் பொருள்.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று உண்டு. சுற்றுச்சூழல் என்ற தலைப்பு இந்த மூன்றிலும் தனிப் பொருளாக இல்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியா ஏற்ற கடமையைக் காட்டி, பன்னாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டமியற்ற வழிசெய்யும் 253ஆம் உறுப்பின்படிதான் நாடாளுமன்றம் 1981இல் காற்று மாசுச் சட்டத்தையும் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1976இன் 42ஆவது திருத்தம் காட்டையும் காட்டு விலங்கையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதே திருத்தம்தான் சூழலைக் காப்பது அரசின் கடமை என்று 48அ உறுப்பையும் சேர்த்தது. கடமை மாநிலத்துக்கும் உண்டு. அதிகாரத்தில் ஒரு பகுதி கையை விட்டுப் போனது. மாநிலத்தின் கையில் மிஞ்சியவை நிலம், நீர், வேளாண்மை, பொதுச் சுகாதாரம். எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலின் 53ஆவது இனத்தில் இருக்கின்றன.

இந்த நிலையில், எண்ணெய்க் கிணறு தோண்டுவதை ஒரு மாநிலம் எப்படித் தடுக்கும்?

காவிரிப் படுகையில் இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டம் 2010ஐ ஒட்டி ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. நிலக்கரிப் படுகையில் அடைந்திருக்கும் மீத்தேனை வெளியே கொண்டுவர வேண்டுமானால் முதலில் அங்குள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் ஆழ்குழாயை நம்பி நாற்றங்கால் போடும் உழவருக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் வேறில்லை. ஊர் ஊராகப் போய் இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பணியின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015இல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்கு அனுமதியில்லை என்று முடிவெடுத்தது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் எழுந்தது. அதே ஆண்டு கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தது.

2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாக்கியது. படுகை கொதித்தது. பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று அறிவித்தார். 20ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. மாநிலப் பட்டியலில் வேளாண்மை இருக்கிறது, நிலம் இருக்கிறது. அவற்றைப் பற்றிக்கொண்டு ஒரு நிலப்பரப்பை மண்டலமாக்கி, அதற்குள் இன்னின்ன தொழில்கள் புதிதாக வரக் கூடாது என்று சொல்லும் வழியைச் சட்டமன்றம் தேர்ந்துகொண்டது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை எரிவாயு ஆகியவற்றுக்கான ஆய்வு, துளையிடல், எடுப்பு, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், கப்பல் உடைப்பு. இவையெல்லாம் தடைப் பட்டியலில் இடம்பெற்றன.

மறுக்க முடியாத சாதனை இது. எண்ணெய் வயல் ஒன்றியத்தின் கையில் இருந்தாலும், அந்த வயலின் மேலே இருக்கும் வயல் எங்களுடையது என்று ஒரு மாநிலம் சட்டமாகவே எழுதி வைத்தது. இதன் பலன் 2023 ஏப்ரலில் தெரிந்தது. நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி என மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். சில நாட்களிலேயே மூன்று தொகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. ஓர் ஆட்சி இயற்றிய சட்டத்தை அடுத்து வந்த ஆட்சி எடுத்துப் பயன்படுத்தியது. கட்சிக்கும் தேர்தலுக்கும் அப்பால் நிற்கும் வலு ஒரு சட்டத்துக்குத்தான் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அண்மையில் இல்லை.

ஆனால் இதே சட்டத்தின் விலக்குப் பிரிவையும் படிக்க வேண்டும். சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளுக்கு அது பொருந்தாது. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புத் திட்டங்களுக்கும் விலக்கு உண்டு. கதிராமங்கலத்தில் உடைந்தது குழாய்தான் என்பதை நினைத்தால், குழாய்ப்பாதைக்குக் கொடுத்த விலக்கின் பொருள் விளங்கும். பல பத்தாண்டுகளாகப் படுகையில் இயங்கிவரும் கிணறுகள் அப்படியே இருக்கின்றன. மூடிக்கிடந்த ஒரு கிணற்றைத் திறந்து மறுபடி வேலை பார்த்தால் அது பழைய பணியா, புதிய பணியா? சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாத இடத்தில் ஊர்க்காரர்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துதான் பதில் வாங்க வேண்டியிருக்கிறது. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் ஏன் விடுபட்டன, மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு ஏன் அனுப்பவில்லை என்று அன்றைய எதிர்க்கட்சி சட்டமன்றத்தில் கேட்டது. பதினோரு நாளில் அறிவிப்பும் சட்டமும் முடிந்துவிட்டன. தேர்வுக் குழு உட்கார்ந்து உழவர்களை அழைத்துக் கேட்டிருந்தால் குழாய்ப்பாதை விலக்கு அப்படியே நின்றிருக்குமா என்பது இன்றும் எழுப்ப வேண்டிய கேள்வி.

ஏரிகளின் கதை இன்னும் கசப்பானது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாக அரசுக் கணக்கு. நீர்நிலை ஆக்கிரமிப்பு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் கண்டிப்பான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அதன் தொடர்ச்சியாக 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஏரியை அளக்க வேண்டும், எல்லை குறிக்க வேண்டும், வரைபடம் வெளியிட வேண்டும், ஆக்கிரமித்தவருக்கு அறிவிப்பு கொடுத்து அகற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும். அதாவது ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறையாத, ஏறக்குறைய 14,000 பெரிய ஏரிகளுக்கு. மீதமுள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கும் சிறிய கண்மாய்கள். அவற்றுக்கு 1905ஆம் ஆண்டின் பழைய நில ஆக்கிரமிப்புச் சட்டமே கதி.

மழைநீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் யாரும் இந்தப் பிரிவினையைச் செய்திருக்க மாட்டார். மேலே இருக்கும் சின்னக் கண்மாய் நிறைந்து மறுகால் போய்த்தான் கீழே இருக்கும் பெரிய கண்மாய்க்கு நீர் வருகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கண்மாய்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல் கோத்துக் கிடக்கின்றன. மேற்கண்மாயின் வரத்துக்கால் மனையாகிவிட்டால், சட்டம் காக்கும் பெரிய கண்மாயில் நிறைவது வெயில்தான்.

நிலத்தடி நீருக்கு நேர்ந்தது இன்னொரு வகைத் துயரம். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. பத்தாண்டு அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் நீக்கப்பட்டது. ஒரு சட்டம் பிறந்து, ஒரு நாளும் நடமாடாமல், இறந்துபோனது. அதே 2003இல்தான் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் அவசரச் சட்டமும் வந்தது. அது காலக்கெடு வைத்தது. ஜெயலலிதா அரசு அதை நெருக்கிப் பிடித்தது. சென்னையில் வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. பராமரிப்பு பின்னாளில் தளர்ந்தாலும், நிறைவேற்றும் நோக்கத்தோடு எழுதிய சட்டம் என்ன செய்யும் என்பதை ஊரே பார்த்தது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நிலத்தடி நீர்ச் சட்டம் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பஞ்சம் வந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. எந்த ஊரில் யார் எவ்வளவு உறிஞ்சுகிறார் என்று மாநிலம் முழுவதும் கேட்கும் அதிகாரமாவது இருந்திருக்கும்.

காக்கும் சட்டமன்றமே கதவைத் திறந்துவிடவும் கூடும். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதாவை எதிர்த்துச் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்த அதே நாளில், நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதா விவாதமின்றி நிறைவேறியது. வேலை நேர மசோதா எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. நில மசோதா சட்டமாகி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் ஒன்றின் எல்லைக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அந்த நிலத்தையும் திட்டத்தோடு இணைத்துத் தர இது வழிசெய்கிறது. நீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. கொள்ளளவைக் காகிதத்தில் ஈடுகட்டலாம். நீர் தானாக ஓடிவரும் பள்ளத்தை இடம் மாற்ற யாராலும் முடியாது. இந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட வேண்டும் என்று உழவர் அமைப்புகளும் சூழல் இயக்கங்களும் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

சட்டத்தைச் சரியாகப் பற்றிக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தூத்துக்குடி சான்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின் மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறு நாள் கழித்து ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை வந்தது. 48அ உறுப்பையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆணையிட மாநில அரசுக்கு அதிகாரம் தரும் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 18ஆம் பிரிவையும் அது துணைக்கொண்டது. பசுமைத் தீர்ப்பாயம் அந்த மூடலை ரத்து செய்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 18ஆம் பிரிவு அந்த 13 பேர் சாவதற்கு முன்பும் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அரிட்டாபட்டியில் மாநிலச் சட்டத்தின் எல்லை வெளிப்பட்டது. மதுரைக்கருகே அந்த ஊரின் குன்றுகளை 2022இல் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியையும் தொட்டுக்கொண்டு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. மேலூர்ப் பகுதி மக்கள் ஜனவரியில் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. மக்கள் நடந்ததும் தீர்மானம் வந்ததும் சேர்ந்து வென்றன; ஆனால் தடுத்து நிறுத்தும் சட்டம் எதுவும் மாநிலத்தின் கையில் இருக்கவில்லை.

காலநிலைக்கு வருவோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. 2018இல் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்துக்குக் காலநிலை மாற்றம் நாளைய கவலை இல்லை. இதை அரசு உணர்ந்திருக்கிறது, பாராட்டத்தான் வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்தது. 2021இல் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. காலநிலை இயக்கம், பசுமை இயக்கம், ஈரநில இயக்கம் என மூன்று நடக்கின்றன. ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலங்கள் இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் மிகுதி.

இத்தனையும் நிற்பது அரசாணைகளின் மேல். எந்த ஆண்டுக்குள் எவ்வளவு கரியுமிழ்வைக் குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கும் காலநிலைச் சட்டம் எதையும் சட்டமன்றம் இயற்றவில்லை. அரசாணையைப் பிறப்பித்த கையே மறுநாள் திருத்தலாம். யாருக்கும் தெரியக்கூட வேண்டியதில்லை.

சட்டமானால் என்ன வேறுபாடு? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2006இல் புவி வெப்பமாதலுக்கான தீர்வுச் சட்டத்தை இயற்றியது. 2020க்குள் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, பொறுப்பை மாநிலக் காற்று வள வாரியத்தின் தலையில் கட்டியது. 2010இல், வேலையின்மை குறையும்வரை இந்தச் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் பணத்தோடு ஒரு முயற்சி நடந்தது. சட்டம் என்பதால் அதைக் கமுக்கமாகச் செய்ய முடியவில்லை. பொது வாக்கெடுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஏறக்குறைய 61 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2020க்கான இலக்கை அந்த மாநிலம் 2016இலேயே எட்டியது. அதே நாட்டில் மொன்டானா மாநிலச் சட்டமன்றம் 2023இல் நேர் எதிராக நடந்தது: திட்டங்களை ஆராயும்போது பசுங்குடில் வாயுக்களைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. 16 இளையவர்கள் தொடுத்த வழக்கில் அந்தத் தடை செல்லாது என்று 2024 டிசம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தூய சூழலுக்கான உரிமை 1972 முதல் அந்த மாநிலத்தின் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

இங்கேயும் 2024இல் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டு என்று ரஞ்சித்சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த உரிமைக்கு மாநில அளவில் கை கால் கொடுக்கச் சட்டமன்றம் முன்வர வேண்டும். இலக்கும் ஆண்டும் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கட்டும். பொறுப்பேற்கும் அமைப்பு எது என்று சொல்லட்டும். ஆண்டுதோறும் கணக்கு சட்டமன்றத்தின் மேசைக்கு வரட்டும். கடைமடை உழவரும் எண்ணூர் மீனவரும் நீதிமன்றம் போக வழி இருக்கட்டும். மசோதா தேர்வுக் குழுவுக்குப் போய், ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு வரட்டும். அதற்கு ஓர் ஆண்டு பிடித்தாலும் நல்லதே.

அதுவரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியதும் உண்டு. 2025 மார்ச்சில், ராமநாதபுரம் பகுதியில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு எழுந்த பின், ஆகஸ்டில், அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. கண்மாய்ப் பாசனத்தை நம்பி வானம் பார்த்து வாழும் மாவட்டம் அது. வேளாண் மண்டலச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்த பின், அதன் பெயரைச் சட்டத்தில் சேர்க்க 2023இல் திருத்த மசோதா ஒன்றைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ராமநாதபுரத்தின் பெயரையும் அப்படிச் சேர்ப்பதற்கு இன்னொரு திருத்த மசோதா போதும். அதைக் கொண்டுவரும் நாளில் குழாய்ப்பாதை விலக்கையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்; ஊராட்சி ஒன்றியக் கண்மாய்களை 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தமும் அந்தக் கூட்டத்தொடரிலேயே வரலாம்.